கேளுங்கள், சொல்கிறேன்: கைகள் பேசும் வீட்டிலிருந்து சில பதில்கள்

சென்ற இதழில், நான் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர்கூட எதிர்பார்க்கவில்லை. வழக்கமான குடும்பச் சிக்கல்கள் ஒரு மாதம் காத்திருக்கட்டும். இந்த முறை முழுவதும் இதுதான்.

மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஒலியைக் கேட்க உதவ, அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவதற்குக் காத்திருக்கிறோம். “கையைக் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சே வராது” என்கிறார் மாமியார். பேச்சுப் பயிற்சி தருபவரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார். சைகை மொழி கற்றால் அவளுக்குத் தமிழும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?
*– ஒரு தாய், பட்டர்வொர்த்*

இன்று மாலையே தொடங்கிவிடுங்கள் அம்மா. கருவி வரட்டும், பயிற்சி நடக்கட்டும். அதுவரை பிள்ளை மொழியில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு இதையேதான் தீர்மானமாக எழுதியது: வாய்ப்பேச்சே உயர்ந்தது, வகுப்பில் சைகை வேண்டாம். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் பெயரால் எத்தனையோ நாடுகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. 2010இல், அதே மாநாட்டு மரபில் வந்தவர்கள் கனடாவின் வான்கூவரில் கூடி, பழைய தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன. உங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தையின் மூளை மொழிக்காகக் காத்திருக்கும் ஆண்டுகள் சிலவே. அந்த ஆண்டுகளில் அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் மூளை ஏற்றுக்கொள்கிறது. சைகை மொழி புழங்கும் வீட்டில் பிறக்கும் காது கேளாத குழந்தை, மற்றக் குழந்தைகள் “பா பா, தா தா” என்று மழலை பேசும் பருவத்தில் விரல்களால் மழலை பேசுகிறது. இதை 1991இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். எதுவுமே வராமல் போனால்தான் ஆபத்து. ஐந்து, ஆறு வயதில் பள்ளிக்கு வந்து முதன்முதலாக மொழி என்ற ஒன்றைச் சந்திக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “நேற்று”, “நாளை”, “ஏன்” என்று கேட்கக்கூட அவர்களிடம் கருவி இல்லை. அந்த இழப்பைப் பின்னால் ஈடுசெய்வது மிகக் கடினம்.

காக்ளியர் கருவி நல்ல கருவிதான். சீக்கிரம் பொருத்துவதும் நல்லதுதான். ஆனால் பொருத்திய மறுநாள் பிள்ளை கேட்கும் பிள்ளையாகிவிடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். பலன் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தூங்கும்போது வெளிப்பகுதியைக் கழற்றுவீர்கள், பேட்டரி தீரும். அப்போதெல்லாம் அவள் பழையபடி காது கேளாதவள்தான். காது கேளாத பெற்றோரிடம் வளர்ந்து, சைகை மொழியோடு கருவியும் பெற்ற பிள்ளைகளைச் சில ஆய்வுகள் பின்தொடர்ந்தன. சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பேச்சில் பின்தங்கவில்லை.

“உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்” என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல் “படி” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு “மடி” என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். “பலம்” என்பதையும், அதில் பகரம் மகரமானால் வருவதையும் நீங்களே முயன்று பாருங்கள். ககரமோ வாய்க்குள் பின்பக்கத்தில் நடக்கிறது, வெளியே தெரியாது. இப்படிப் பாதியை ஊகித்துக்கொண்டே ஒரு மூன்று வயதுப் பிள்ளை மொழி கற்க வேண்டும் என்பது கொடுமை.

தமிழ் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் மலேசியாவில் காது கேளாதோர் பள்ளிகளின் மொழி மலாய். அவள் அங்கே மலாயில் எழுதப் படிக்கக் கற்பாள், தோழிகளோடு மலேசிய சைகை மொழியில் பேசுவாள். தமிழ் எழுத்தை வீட்டில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கலாம், மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு மொழியின் எழுத்து ஏறும். என் அப்பாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் பொங்கல் பானை எந்தத் திசையில் பொங்கியது, கார்த்திகைக்கு எத்தனை விளக்கு, எந்தப் பெரியப்பா எந்தப் பெரியப்பாவோடு பேசுவதில்லை, எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாமல் போனது வேறு. தீபாவளியன்று பாட்டி வீட்டில் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். அப்பா சித்தப்பாவின் தோளைத் தொட்டு “என்ன?” என்று கேட்பார். “ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்” என்று சித்தப்பா கையசைப்பார். பிறகு சொன்னதே இல்லை. அவர்கள் நல்ல மனிதர்கள், அப்பாவுக்கு நாட்டுக்கோழியில் தொடைக்கறி எடுத்துவைத்தவர்கள். ஒரு மொழியைக் கற்க மட்டும் யாருக்கும் நேரம் வரவில்லை.

ஆகவே அந்த வகுப்புக்குப் பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள், கணவர், முக்கியமாக மாமியார், எல்லாரும் போங்கள். பினாங்கில் காது கேளாதோர் சங்கத்தைக் கேளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது. கற்றுத்தருபவர் காது கேளாதவராக இருந்தால் மிக நல்லது. ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அங்கே கற்றுத்தருவது மலேசிய சைகை மொழியா, கே.டி.பி.எம். என்னும் மலாய்க் கைக்குறியீட்டு முறையா? பின்னது மலாய் வாக்கியத்தை, முன்னொட்டு பின்னொட்டு உட்பட, சொல்லுக்குச் சொல் கையில் காட்டுவது. பள்ளியில் மலாய் இலக்கணம் கற்பிக்க அது உதவும். மூன்று வயதுப் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு உதவாது.

காது கேளாமை ஒரு குறைபாடு. அதற்கு அரசு அட்டை தருகிறது, சலுகை தருகிறது. இப்போது சிலர் அவர்களை “மொழிச் சிறுபான்மையினர்”, “பண்பாடு உடையவர்கள்” என்றெல்லாம் எழுதுகிறார்கள். இது மிகையாகத் தெரியவில்லையா?
*– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், செந்தூல்*

தெரியவில்லை ஐயா. நீங்களும் நானும் இந்த நாட்டில் ஒரு மொழிச் சிறுபான்மையினர். நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் பள்ளி வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறவர்கள். அந்த வாதம் நமக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதற்கு நீங்கள்தான் காரணம் சொல்ல வேண்டும்.

வரலாற்றைச் சொல்கிறேன். 1954இல் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இந்நாட்டின் முதல் பள்ளி பினாங்கில் தொடங்கியது. பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து தஞ்சோங் பூங்கா என்னும் பகுதியில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். வகுப்பில் வாய்ப்பேச்சுப் பயிற்சி, அக்காலத்தில் உலகெங்கும் அதுதான் வழக்கம். வகுப்பு முடிந்து விடுதிக்கு வந்தால் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசினார்கள். பெரியவர்கள் யாரும் கற்றுத்தரவில்லை. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். மொழியியலாளர்கள் இதைப் பினாங்கு சைகை மொழி என்று தனி மொழியாகவே குறிப்பிடுகிறார்கள். 1960களில் கோலாலம்பூர்ப் பக்கம் அமெரிக்க சைகை மொழியின் செல்வாக்கு வந்தது. இந்த ஓடைகளெல்லாம் கலந்ததுதான் இன்றைய மலேசிய சைகை மொழி. அப்பாவின் வயதுக்காரர்கள் பேசும்போது இன்றைய இளைஞர்கள் “அது என்ன பழைய சைகை?” என்று கேட்பார்கள். அப்பா முகத்தைச் சுளிப்பார். தமிழாசிரியர்கள் இளைஞர்களின் தமிழைப் பார்த்துச் சுளிக்கும் அதே சுளிப்பு.

இந்தச் சிறுபான்மைக்கு ஒரு விசித்திரம் உண்டு. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பெற்றோர் கேட்பவர்கள். ஆகவே இவர்களின் மொழி பாட்டன் சொத்துபோல் மேலிருந்து இறங்குவதில்லை, விடுதியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து வருகிறது. பள்ளியை மூடினால் மொழி வரும் வழியும் மூடிக்கொள்ளும். காது கேளாதோர் தங்கள் பழைய பள்ளியைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவது அதனால்தான்.

பாலித் தீவின் வடக்கே பெங்காலா என்றொரு கிராமம். தலைமுறைகளாக அங்கே பிறவியிலேயே காது கேளாதவர்கள் இருந்துவருகிறார்கள். ஊரில் கேட்பவர்கள் பலருக்கும் கத்தா கொலோக் என்னும் அவ்வூர்ச் சைகை மொழி தெரியும். அங்கே ஒரு காது கேளாத விவசாயி பக்கத்து வயல்காரரோடு வம்பளக்க மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டியதில்லை. அதே மனிதரைச் செந்தூலில் கொண்டுவந்து விடுங்கள். காது மாறவில்லை, சுற்றியிருப்பவர்கள் மாறிவிட்டார்கள். இப்போது குறைபாடு யாரிடம் இருக்கிறது?

அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிவார். சலுகை கிடைத்தால் விடமாட்டார். சட்டத்திலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசிய சைகை மொழியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, சைகை மொழிகளும் காது கேளாதோர் பண்பாடும் உட்படத் தங்களுக்கே உரிய பண்பாட்டு, மொழி அடையாளத்துக்கு அங்கீகாரம் பெறும் உரிமையைச் சொல்கிறது. மலேசியா 2010இல் அதற்கு ஏற்புறுதி தந்தது. தரும்போதே, அந்த 30ஆம் பிரிவில் சொன்ன அங்கீகாரம் தேசியச் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம் என்று ஒரு விளக்கத்தையும் இணைத்துக்கொண்டது. அரசு ஊழியராக இருந்த உங்களுக்கு அப்படிப்பட்ட வரிகளின் ருசி தெரிந்திருக்கும்.

பண்பாடு என்றால் என்ன என்று கேட்பீர்கள். அவர்கள் உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள், நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. முகத்துக்கு நேரே “பெருத்துவிட்டாய்” என்பார்கள். (இதில் நம் சொந்தக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை.) விடைபெற ஒரு மணி நேரம் ஆகும். உணவுக்கடையில் நல்ல வெளிச்சமுள்ள மேசையாகப் பார்த்து உட்காருவார்கள். பேசும்போது நீங்கள் பார்வையை விலக்கினால் காதைப் பொத்திக்கொண்டதற்குச் சமம், கோபம் வரும்.

சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதானே? என் தம்பி மகன் காது கேளாதவன். சென்னையில் திருமணப் பேச்சு நடக்கிறது. பெண்ணும் காது கேளாதவள். இருவரும் தமிழ்க் குடும்பம் என்பதால் பேச்சுக்குச் சிக்கல் இருக்காது அல்லவா?
*– ஓர் அத்தை, ஆயர் ஈத்தாம்*

ஒன்றே அல்ல. பெண் பேசுவது இந்திய சைகை மொழி, உங்கள் பையன் பேசுவது மலேசிய சைகை மொழி. எழுத்துக்கூட்டிக் காட்டும் முறையே வேறு: அங்கே இரண்டு கைகள், இங்கே அமெரிக்க வழியில் ஒற்றைக் கை. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வாயால் பேசினால் புரிந்துகொள்வார்கள், கையால் பேசினால் புரியாது. அமெரிக்க சைகை மொழி பிரெஞ்சு வழி வந்தது, பிரிட்டனுடையது வேறு குடும்பம். வீட்டில் எல்லாரும் தமிழ் என்பது இந்த இருவருக்கும் ஒரு பயனும் தராது.

அதற்காகப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். இருவேறு சைகை மொழிக்காரர்கள் சந்தித்தால், இருவேறு வாய்மொழிக்காரர்களைவிடப் பல மடங்கு வேகமாகப் புரிந்துகொள்வார்கள். அம்மா சென்னைக்குப் போனபோது, உறவினர் வீட்டுக்கு எதிரே இருந்த காது கேளாத தையல்காரரோடு முதல் நாளே புடவை விலை பேசிச் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். இருவரையும் வீடியோ அழைப்பில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் அறையைவிட்டு வெளியே போங்கள்.

பரதநாட்டிய முத்திரைகள்தானே சைகை மொழியின் தாய்?
*– நடன மாணவி, பங்சார்*

இல்லை. முத்திரையில் கதை சொல்லலாம், மீன்கடையில் பேரம் பேச முடியாது. சைகை மொழியில் இரண்டும் முடியும். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் என்று உறுப்புகளாகப் பிரித்து, அது முழுமையான மொழி என்று 1960இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி காட்டினார். புருவம் உயர்ந்தால் அது ஆம்-இல்லை கேள்வி. புருவத்துக்கு இலக்கணம் உண்டு என்பதால்தான் அவர்கள் பேசும்போது முகம் அப்படி ஆடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாட்டியம் கற்ற உங்களுக்கு முகம் வசப்பட்டிருக்கும், வகுப்பில் சேர்ந்தால் வேகமாக முன்னேறுவீர்கள்.

மகள் திருமணத்துக்குக் காது கேளாத நண்பர்கள் ஒரு மேசை நிறைய வருகிறார்கள். பெரிய வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனுக்குச் சைகை மொழி தெரியும், அவன் பெற்றோரும் காது கேளாதவர்கள். அவனையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?
*– ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்*

வேண்டாம் ஐயா. அவன் விருந்தாளியாக வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒன்பது வயதில் ஒரு மருத்துவமனையில் என்னை நிற்கவைத்து, “அம்மாவிடம் சொல், கருப்பையை எடுக்க வேண்டும்” என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ கையசைத்தேன். அந்தப் பிள்ளைகள் வீட்டில் போதுமான அளவு மொழிபெயர்க்கிறார்கள்.

பணம் கொடுத்து மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இருவர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கைக்கும் மூளைக்கும் அதற்கு மேல் தாங்காது. தமிழிலிருந்து நேரடியாக மாற்றக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஆகவே தேதி குறித்த கையோடு கேட்டுவிடுங்கள். ஓதுவார் என்ன பாடப்போகிறார், யார் வாழ்த்துரை தருகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை மேடையில் பேசுபவருக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னால் மின்னும் சீரியல் விளக்கு வேண்டாம். படக்காட்சிக்காக மண்டபத்தை இருட்டாக்கும்போது அவர் மேல் ஒரு விளக்கு எரிய வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். நண்பர்களுக்கு வட்ட மேசை போடுங்கள், நடுவில் உயரமான பூச்சாடியை எடுத்துவிடுங்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியட்டும். தவில்காரருக்கு அருகில் இடம் கொடுத்தாலும் கோபிக்கமாட்டார்கள். அதிர்வு நெஞ்சில் தெரியும். பக்கத்து மேசைக்காரர்கள்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

காது கேளாத பெண்ணைக் காதலிக்கிறேன். எனக்குக் காது கேட்கும். “பிள்ளையும் அப்படிப் பிறந்தால்?” என்று வீட்டில் மறுக்கிறார்கள். அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
*– ஓர் இளைஞர், கெப்போங்*

தம்பி, காது கேளாத பெற்றோர் இருவருக்குப் பிறந்த பிள்ளைகளிலேயே பெரும்பாலானவர்கள் கேட்பவர்கள்தான். என்னையும் சேர்த்து. உன் விஷயத்தில் காது கேளாத பிள்ளை பிறக்கும் வாய்ப்பு பொதுவாக இன்னும் குறைவாகவே இருக்கும். ஐயம் தீராவிட்டால் மரபணு ஆலோசனை தரும் மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள், அம்மாவையும் அழைத்துப் போ. மரபுவழிக் காது கேளாமையில் பெரும்பகுதி, இருபுறமும் மறைந்திருக்கும் மரபணு ஒன்றுசேர்வதால் வருவது. ஆகவே உன் வீட்டார் உண்மையாகவே அதற்கு அஞ்சுகிறார்கள் என்றால், அவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது சொந்தத்துக்குள்ளே மாமன் மகளைக் கட்டிவைக்கும் பழக்கத்தைப் பற்றி. இதை இந்தச் சொற்களிலேயே அம்மாவிடம் சொல்லாதே, கொஞ்சம் பூசிச் சொல்.

சரி, பிறந்துவிட்டதே என்று வைத்துக்கொள். முதல் கடிதத்துப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகளாகக் கிடைக்காத மொழி, உன் பிள்ளைக்குப் பிரசவ அறையிலேயே கிடைத்துவிடும். அந்தப் பெண் அதன் தாயல்லவா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் அவள் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்கிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நீ எத்தனை சைகை கற்றிருக்கிறாய் என்று எழுதவில்லையே? வீட்டாரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் வகுப்பில் சேர்.

எங்கள் கடைக்கு அருகில் காது கேளாதோர் சிலர் வேலை செய்கிறார்கள், தேநீர் குடிக்க வருகிறார்கள். எப்படிக் கூப்பிடுவது? தொட்டால் தவறாக நினைப்பார்களா?
*– உணவகக்காரர், லெபோ பாசார், ஜார்ஜ்டவுன்*

தோளில் இலேசாகத் தட்டுங்கள், தவறே இல்லை. முதுகிலோ தலையிலோ வேண்டாம். தூரத்தில் இருந்தால் அவர் பார்வை படும் இடத்தில் கையசையுங்கள். பலகைத் தளம் என்றால் காலால் ஒருமுறை தட்டினாலும் திரும்பிப் பார்ப்பார். விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவதும் வழக்கம்தான், ஆனால் கடையில் மற்றவர்கள் மின்சாரம் போகிறது என்று எழுந்துவிடுவார்கள். கத்தாதீர்கள், பயனில்லை. இருவர் எதிரெதிரே நின்று கையால் பேசிக்கொண்டிருந்தால், காத்து நிற்காமல் நடுவில் புகுந்து போய்விடுங்கள். குனிந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு நிற்பதுதான் பேச்சைக் கெடுக்கும். பட்டியலைச் சுவரில் படத்தோடு ஒட்டுங்கள், பால் தேநீரான தே தாரிக்கும், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கும் குழம்பாது. கணக்கைச் சொல்லாமல் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுங்கள்.